என்பிஏ டிராஃப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்பிஏவில் 30 அணிகள் ஆடுகின்றன. ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில் இந்த அணிகள் வரிசைமுறைப்படி புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த நிகழ்வுக்குத்தான் டிராஃப்ட் என்று பெயர். ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு விதிகளைவிட அதிகம் குழப்புவது இந்தத் தேர்வுமுறைதான்.

ஐபிஎல் போல ஏலம் விட்டுவிடலாமே, எதற்கு இந்த வரிசை?

ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது அணிகளின் போட்டி. டிராஃப்டில் விலைப் போட்டிக்கே இடமில்லை. ஓர் அணி ஒரு வீரரின் பெயரை அறிவித்தால், அவருடன் என்பிஏ ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே உண்டு. முதல் சுற்று வீரர்களின் சம்பளம்கூட முன்பே அட்டவணையாக வகுக்கப்பட்டிருக்கிறது.

நோக்கம் எளிமையானது. போன பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும், அப்போதுதான் பலவீனமான அணி மீண்டு வரும். ஐரோப்பியக் கால்பந்தைப் போல தோற்ற அணியைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கும் வழக்கம் என்பிஏவில் இல்லை. மோசமாகத் தோற்றால் நல்ல தேர்வு கிடைக்கும் என்ற நிலை இதனால்தான் உருவாகிறது. டிராஃப்ட் விதிகளில் பாதி, அந்த ஆசையைக் கட்டுப்படுத்தவே எழுதப்பட்டவை.

முதல் டிராஃப்ட் 1947-இல் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்வான கிளிஃப்டன் மெக்நீலி தொழில்முறை ஆட்டம் எதிலும் ஆடவில்லை. பள்ளிப் பயிற்சியாளர் வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

எத்தனை பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

1989 முதல் இரண்டே சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 30 என்ற கணக்கில் 60 பேர். ஆனால் 2024-இல் 58 பேரும் 2025-இல் 59 பேரும்தான் தேர்வானார்கள். அனுமதிக்கப்பட்ட நாளுக்கு முன்பே மற்ற அணி வீரர்களுடன் பேரம் பேசிய அணிகளிடமிருந்து இரண்டாம் சுற்றுத் தேர்வைத் தண்டனையாகப் பறித்ததே காரணம். ஜேலன் பிரன்சன் விவகாரத்தில் நியூயார்க் நிக்ஸ் 2025-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வை இழந்தது இப்படித்தான்.

யாருக்கெல்லாம் தகுதி உண்டு?

டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிரம்ப வேண்டும். அமெரிக்க வீரராக இருந்தால், தன் வகுப்புத் தோழர்கள் பள்ளிப் படிப்பை முடித்து ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும். இந்த விதி 2006 டிராஃப்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கோபி பிரையன்ட், கெவின் கார்னெட், லெப்ரான் ஜேம்ஸ் போன்றவர்கள் பள்ளியிலிருந்து நேராக வந்ததெல்லாம் அதற்கு முந்தைய காலம்.

நான்கு ஆண்டுக் கல்லூரி ஆட்டத்தை முடித்தவர் பெயர் கொடுக்கத் தேவையில்லை. தகுதி தானாக வந்துவிடும். வெளிநாட்டு வீரருக்கு 22 வயது நிரம்பும் ஆண்டில் தானாகத் தகுதி வரும். அதற்கு முன்பே வர விரும்புகிறவர்கள், டிராஃப்டுக்குச் சுமார் 60 நாள் முன்பாக எழுத்துமூலம் பெயர் கொடுக்க வேண்டும்.

'வெளிநாட்டு வீரர்' என்பதற்குத் தனி வரையறை உண்டு. வெளிநாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தவரும் அங்கே கல்லூரியில் சேர்ந்தவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு அமெரிக்க வீரருக்கான விதிகளே பொருந்தும்.

பெயர் கொடுத்துவிட்டு மனம் மாறினால்?

திரும்பப் பெறலாம். இரண்டு கெடுக்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் பலர் செய்யும் பிழை. என்பிஏவின் கெடு டிராஃப்டுக்குப் 10 நாள் முன்பு முடியும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் கெடு அதற்கும் முன்பே முடிந்துவிடும். 2025-இல் என்சிஏஏ கெடு மே 28, என்பிஏ கெடு ஜூன் 15. நடுவில் உள்ள நாட்களில் பெயரைத் திரும்பப் பெறும் கல்லூரி வீரர் டிராஃப்டிலிருந்து விலகிவிடலாம், ஆனால் கல்லூரி அணியில் ஆடும் தகுதியையும் இழந்துவிடுவார்.

வீரர் கேட்டால், அணி நிர்வாகிகள் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்று அவர் எந்தச் சுற்றில் தேர்வாகக்கூடும் என்று மதிப்பிட்டுச் சொல்லும். அது உத்தரவாதம் அல்ல.

சமீபகாலமாகப் பெயர் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். 2021-இல் 350-க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே பெயர் கொடுத்தார்கள், 2025-இல் 106 பேர் மட்டுமே. கல்லூரி வீரர்கள் விளம்பரங்கள் மூலம் சம்பாதிக்க 2021-இல் அனுமதி கிடைத்தது இதற்கு முக்கியக் காரணம். இரண்டாம் சுற்றில் உறுதியில்லாத ஒப்பந்தத்துக்குப் போவதைவிட, கல்லூரியில் இன்னோர் ஆண்டு இருப்பது பலருக்கு லாபம்.

யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்று எப்படி முடிவாகிறது?

கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றான பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கிடையே குலுக்கல் நடக்கும். அதுதான் லாட்டரி. 2019 முதல் 2025 வரை நடந்த குலுக்கல்களில் முதலிடத்துக்கான வாய்ப்பு இப்படிப் பிரிக்கப்பட்டது: மிக மோசமான மூன்று அணிகளுக்கு ஆளுக்கு 14 சதவீதம், நான்காவதற்கு 12.5, ஐந்தாவதற்கு 10.5, பிறகு 9, 7.5, 6, 4.5, 3, 2, 1.5, 1, கடைசியாக 0.5.

குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்தான். ஐந்திலிருந்து பதினான்கு வரை, மீதமுள்ள அணிகள் அதிகம் தோற்றவர் முதலில் என்ற வரிசையில் நிற்கும். ஆகவே கடைசி இடத்தில் முடித்த அணி எவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்ததாக இருந்தாலும் ஐந்துக்குக் கீழே போகாது. 15 முதல் 30 வரை பிளேஆஃப் அணிகள், வழக்கமான பருவத்தின் வெற்றிக் கணக்கைத் தலைகீழாக்கிய வரிசையில் வரும். பிளேஆஃபில் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை இங்கே பார்ப்பதில்லை. இரண்டாம் சுற்றுக்குக் குலுக்கலே கிடையாது.

குலுக்கல் உண்மையானதுதானா? உள்ளே என்ன நடக்கிறது?

1 முதல் 14 வரை எண்ணிட்ட 14 பந்துகள் காற்றடிக்கும் இயந்திரத்தில் போடப்படும். 20 விநாடி கலக்கிய பின் முதல் பந்து, பிறகு 10 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக மொத்தம் நான்கு பந்துகள் எடுக்கப்படும். வந்த வரிசை முக்கியமில்லை. 14 எண்களிலிருந்து நான்கைத் தேர்ந்தால் 1,001 சேர்க்கைகள் கிடைக்கும். அதில் 1,000 சேர்க்கைகள் அணிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். 14 சதவீத அணியிடம் 140, 0.5 சதவீத அணியிடம் 5. மிஞ்சும் ஒரு சேர்க்கை, அதாவது 11, 12, 13, 14 வந்தால் மறுபடியும் எடுப்பார்கள். ஏற்கெனவே இடம் பெற்ற அணியின் சேர்க்கையே திரும்ப வந்தாலும் அப்படித்தான்.

இதெல்லாம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு முன்பே தனி அறையில் முடிந்துவிடும். அணிப் பிரதிநிதிகள், சில செய்தியாளர்கள், வெளித் தணிக்கை நிறுவனத்தின் ஆள் ஆகியோர் உள்ளே இருப்பார்கள். கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நிகழ்ச்சி முடியும்வரை யாரும் வெளியே வர முடியாது. மேடையில் உறைகளைப் பிரிப்பது அறிவிப்பு மட்டுமே.

சந்தேகம் 1985-இலிருந்து தொடர்கிறது. அந்த ஆண்டு நடந்த முதலாவது லாட்டரியில் ஏழு உறைகளைச் சுழலும் உருளையில் போட்டு எடுத்தார்கள். நியூயார்க்குக்கு அதிர்ஷ்டம் அடித்து பேட்ரிக் யூயிங் கிடைத்தார். 2025-இல் 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸ் மேவரிக்ஸ் முதலிடம் பெற்று கூப்பர் ஃபிளாக்கை எடுத்தபோது அதே பேச்சு மீண்டும் கிளம்பியது. ஆனால் 1.8 சதவீதம் என்பது ஏறக்குறைய 55-க்கு ஒன்று. 1993-இல் ஆர்லாண்டோ மேஜிக் வென்றது 66-க்கு ஒன்று என்ற வாய்ப்பில். பத்துக்கு மேற்பட்ட அணிகள் ஆண்டுதோறும் கலந்துகொள்ளும் குலுக்கலில் இப்படிப்பட்ட முடிவு அவ்வப்போது வந்தே தீரும்.

வேண்டுமென்றே தோற்றால் பலன் உண்டா?

முன்பைவிட மிகக் குறைவு. 2018 வரை கடைசி அணிக்கு முதலிட வாய்ப்பு 25 சதவீதம், அடுத்த அணிக்கு 19.9, மூன்றாவதற்கு 15.6. 2019-இல் மூன்றையும் சமமாக்கியதால் கடைசி இடத்துக்கு இறங்குவதில் கூடுதல் லாபம் அநேகமாக இல்லாமல் போனது. கடைசி அணிக்கு மிக அதிக வாய்ப்புள்ள முடிவு எது தெரியுமா? ஐந்தாவது இடம், 47.9 சதவீதம்.

நடந்ததும் அதுதான். 2019 முதல் 2025 வரை ஒரு முறைகூட மிக மோசமான கணக்கு வைத்திருந்த அணிக்கு முதல் தேர்வு கிடைக்கவில்லை. 2023-இலும் 2024-இலும் டெட்ராய்ட், 2025-இல் யூட்டா, மூன்று முறையும் கடைசி அணி ஐந்தாம் இடத்துக்குச் சறுக்கியது. 14 வெற்றி, 68 தோல்வி என்று 2023-24 பருவத்தை முடித்த டெட்ராய்ட் ரசிகர்களுக்கு அது கொடுமையான இரவு.

இருந்தாலும் கீழே இறங்கும் ஆசை முழுதாக ஒழியவில்லை. கடைசி நான்குக்குள் வந்தால் முதல் நான்கு இடங்களில் ஒன்று கிடைக்கும் வாய்ப்பு பாதியளவு இருக்கிறதே.

ஓர் இளைஞனை அணிகள் எப்படி எடைபோடுகின்றன?

மூன்று தடங்களில். ஆட்டத்தை நேரில் பார்க்கும் ஸ்கௌட்டுகளின் குறிப்பு, புள்ளிவிவரக் குழுவின் கணிப்பு, அருகிலிருந்து அறிந்தவர்கள் சொல்லும் செய்தி. கடைசியில் ஜெனரல் மேனேஜர் தலைமையில் எல்லாவற்றையும் சேர்த்து, எல்லா வீரர்களையும் ஒரே தரவரிசையில் அடுக்குவார்கள். அந்தப் பட்டியலைத்தான் 'போர்டு' என்கிறார்கள். நல்ல அணிகள் 1, 2, 3 என்று எண்ணிடுவதோடு நிற்பதில்லை. வீரர்களை அடுக்கு அடுக்காகப் பிரிக்கும். ஒரே அடுக்கில் ஐந்து பேர் இருந்தால், தேர்வைச் சில இடங்கள் கீழே இறக்கிக்கொண்டு பதிலுக்கு எதையாவது வாங்கலாம். அடுக்கு அங்கேயே முடிந்தால் நகரக்கூடாது.

புள்ளிவிவரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது வயது. கல்லூரியில் 22 வயதுக்காரர் ஓர் ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுப்பதும் 18 வயதுக்காரர் அதே 18 எடுப்பதும் ஒன்றல்ல. இளையவருக்கு வளர இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது, அதுவும் தன்னைவிட உடல் முதிர்ந்தவர்களுக்கு எதிராக எடுத்திருக்கிறார்.

அடுத்தது ஷாட். கல்லூரிப் பருவத்தில் ஒருவர் நூறு, நூற்றைம்பது மூன்று புள்ளி ஷாட்டுகள்தான் எறிவார். அந்தச் சிறிய எண்ணிக்கையில் 29 சதவீதத்துக்கும் 36 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அதனால் எதிரணியின் தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எறிதலின் சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தடுக்க ஆளில்லை, தூரம் மாறுவதில்லை, கை மட்டும்தான் பேசும். கவாய் லெனார்ட் சான் டியாகோ ஸ்டேட் கல்லூரியில் மூன்று புள்ளி ஷாட்டில் 25 சதவீதம்தான், ஆனால் ஃப்ரீ த்ரோவில் 75 சதவீதத்தை ஒட்டி இருந்தார். 2011-இல் 15-ஆவது இடத்தில் தேர்வான அவரை சான் அந்தோனியோ வாங்கி, அவருடைய ஷாட் முறையைத் திருத்தியது. முதல் என்பிஏ பருவத்திலேயே மூன்று புள்ளி ஷாட்டில் 37.6 சதவீதம் வந்தது.

புள்ளிக் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் எண்கள் வேறு சில. பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை எதிர்வினை வேகத்தையும் ஆட்ட அறிவையும் காட்டும். பறிகொடுத்த பந்துகளோடு ஒப்பிட்ட அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்), பந்து கையில் இருக்கும்போது எடுக்கும் முடிவுகளைக் காட்டும். யாருக்கு எதிராக ஆடினார் என்பதும் முக்கியம். லூகா டான்சிச் 2018-இல் ரியல் மாட்ரிட் அணிக்காக, ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைத் தொடரான யூரோலீக் கோப்பையை வென்று, 19 வயதில் அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். முழு வளர்ச்சி பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எதிராக எடுத்த எண்கள் அவை. ஆனாலும் அந்த ஆண்டு முதலிரண்டு இடங்களில் வேறு இருவர்தான் தேர்வானார்கள். 'வேகம் போதாது' என்பது அப்போது அவர்மேல் இருந்த குறை. கண்ணுக்குத் தெரியும் குறையை, காகிதத்தில் தெரியும் நிறையைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வது ஸ்கௌட்டிங்கில் தீராத நோய்.

மூன்றாவது தடம் நேர்காணலும் விசாரிப்பும். பழைய கோச்சுகள், உடற்பயிற்சியாளர்கள், ஆசிரியர்கள் என்று பலரிடம் பேசுவார்கள். தோல்விக்குப் பின் எப்படி நடந்துகொள்கிறார், தனியாக எவ்வளவு பயிற்சி செய்கிறார், கேட்டுக்கொள்ளும் குணம் உண்டா என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் கிடைக்காது.

கம்பைனில் என்ன அளக்கிறார்கள்?

மே மாதத்தில் சிகாகோவில் நடக்கும் இந்த முகாமுக்குச் சுமார் 75 பேர் அழைக்கப்படுவார்கள். செருப்பில்லாமல் உயரம், எடை, கைவீச்சு (விரித்த இரு கைகளின் நீளம்), நின்றபடி கை எட்டும் உயரம், உள்ளங்கையின் நீள அகலம் ஆகியவை உடல் அளவுகள். நின்ற இடத்திலிருந்தும் ஓடிவந்தும் எகிறும் உயரம், முக்கால் மைதான ஓட்டம், பக்கவாட்டு நகர்வு ஆகியவை திறன் சோதனைகள். பிறகு ஷாட் பயிற்சி, ஐவர் ஆட்டம், அணிகளுடன் நேர்காணல்.

இவற்றில் கைவீச்சையும் எட்டும் உயரத்தையும்தான் நாம் பெரிதாக எண்ண வேண்டும். ஷாட்டை மறிப்பதும் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதும் (ரீபவுண்ட்) தலையின் உச்சியால் அல்ல, விரல் நுனியால். டிரேமண்ட் கிரீன் ஆறரை அடி உயரம்கூட இல்லாத நிலையில் ஏழடிக்காரர்களைத் தடுத்து நின்றதற்கு அவருடைய 7 அடி 1 அங்குலக் கைவீச்சு உதவியது.

வலுச் சோதனைகளை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. 2007-இல் கெவின் டுரான்ட் 185 பவுண்டு, அதாவது சுமார் 84 கிலோ எடையை மல்லாந்து படுத்து ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அது பெரிய செய்தியானது. அவர் என்பிஏ வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர்களின் வரிசையில் இடம்பிடித்தார்.

என்பிஏவும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு, அழைக்கப்பட்டவர் தகுந்த காரணமின்றி கம்பைனைத் தவிர்த்தால் டிராஃப்ட் தகுதியே போய்விடும். முன்பு ஏஜென்ட்டுகள் தங்கள் நட்சத்திர வீரரை வரவிடாமல் நிறுத்திவைப்பது சாதாரணம்.

மருத்துவப் பரிசோதனைக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

முழங்கால், முதுகு, பாதம், இதயம். இந்த நான்கில் எதில் சிக்கல் தெரிந்தாலும் இடம் சரியும். மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் பள்ளியில் தன் வயதினரில் முதல்வரிசை வீரராகக் கருதப்பட்டவர். முதுகு அறுவை சிகிச்சையால் 2018-இல் 14-ஆவது இடத்துக்கு இறங்கினார். டென்வர் துணிந்து எடுத்தது. 2023-இல் அந்த அணி கோப்பையை வென்றபோது அவர் முதல் ஐவரில் ஒருவர். மறுபக்கம், 2007-இல் டுரான்ட்டுக்கு முன்னதாக போர்ட்லாண்ட் எடுத்த கிரெக் ஓடன், முழங்கால் காயங்களால் என்பிஏவில் மொத்தம் 105 ஆட்டங்களோடு நின்றுபோனார்.

இந்தப் பரிசோதனை உயிரையும் காக்கும். 2014-இல் பெய்லர் கல்லூரியின் ஐசையா ஆஸ்டினுக்கு மார்ஃபான் நோய்க்குறி இருப்பது டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு தெரியவந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைப் பலவீனமாக்கும் மரபு நோய் அது. டிராஃப்ட் இரவில் 15-ஆவது தேர்வுக்கும் 16-ஆவது தேர்வுக்கும் இடையே கமிஷனர் ஆடம் சில்வர், என்பிஏவின் சார்பில் அவர் பெயரை மேடையில் அறிவித்தார். அரங்கமே எழுந்து நின்றது.

இருப்பதில் சிறந்தவரையா, அணிக்குத் தேவையானவரையா, யாரை எடுக்க வேண்டும்?

முதல் பத்து இடங்களில் என்றால் தயக்கமே வேண்டாம், சிறந்தவரை. 1984-இல் இரண்டாவது தேர்வு போர்ட்லாண்டிடம் இருந்தது. கிளைட் டிரெக்ஸ்லர் என்ற நல்ல கார்டை (வெளிப்பகுதியில் ஆடுபவர்) முந்தைய ஆண்டே எடுத்திருந்ததால், சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவர்)தான் தேவை என்று சாம் பூயியை எடுத்தார்கள். மூன்றாவதாக சிகாகோவுக்கு மைக்கேல் ஜோர்டான் போய்ச் சேர்ந்தார். 2018-இல் சாக்ரமென்டோவிடம் டி'ஆரன் ஃபாக்ஸ் என்ற கார்டு இருந்தார், அதனால் டான்சிச்சை விட்டுவிட்டு மார்வின் பேக்லியை எடுத்தது.

காரணம் காலக் கணக்கு. 19 வயதுக்காரர் முழு ஆட்டக்காரராக மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் இன்றைய அணியில் பாதிப்பேர் மாறியிருப்பார்கள். இன்றைய ஓட்டையை அடைக்க நாளைய வீரரை எடுப்பதில் பொருளில்லை. இருபதுக்குக் கீழே போகப் போக நிலைமை மாறும். அங்கே வீரர்களிடையே பெரிய வேறுபாடு இருக்காது, தேவையைப் பார்ப்பது நியாயம்.

தேர்வு உரிமையை விற்கவோ மாற்றவோ முடியுமா?

முடியும். எதிர்காலத் தேர்வுகளை ஏழு ஆண்டு வரை பேரத்தில் கொடுக்கலாம். பெரும்பாலும் நிபந்தனையோடு கொடுப்பார்கள். 'முதல் பத்துக்குள் வந்தால் எனக்கே, பதினொன்று அல்லது அதற்குக் கீழே போனால் உனக்கு' என்பது வழக்கமான வடிவம். கைமாறாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் அல்லது இரண்டாம் சுற்றுத் தேர்வாகச் சுருங்கும். இன்னொரு வகை இடமாற்று உரிமை: இரு அணிகளின் தேர்வில் எது மேலோ அதை வாங்கியவர் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் சுற்றுத் தேர்வைப் பணத்துக்கே விற்கலாம். 2017-இல் சிகாகோ தன் 38-ஆவது தேர்வை 35 லட்சம் டாலருக்கு கோல்டன் ஸ்டேட்டிடம் விற்றது.

அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக்கூடாது என்பது ஸ்டெபியன் விதி. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்டின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் தேர்வுகளை அள்ளி வீசியதால் வந்த விதி இது. ஆனால் கிளீவ்லாண்டுக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்புக்கு விதை, அவர் உரிமையாளராக வருவதற்கு முன்பே, 1980-இன் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. அப்போது லேக்கர்ஸுக்குக் கொடுத்த 1982-ஆம் ஆண்டுத் தேர்வு முதலிடத்தில் வந்து விழுந்தது. நடப்பு சாம்பியனான லேக்கர்ஸ், அதை வைத்து ஜேம்ஸ் வொர்தியை எடுத்தது.

நிபந்தனை வைக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013-இன் புரூக்ளின் பேரமே பாடம். வயது முப்பத்தைந்தைத் தாண்டிய பால் பியர்ஸ், கெவின் கார்னெட் ஆகியோருக்காக 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகளையும் 2017-இல் இடமாற்று உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. அவர்கள் ஓய்ந்ததும் புரூக்ளின் அடிமட்டத்துக்குப் போனது, பலனோ பாஸ்டனுக்கு. 2016-இல் மூன்றாவது தேர்வு, ஜேலன் பிரவுன். 2017-இல் முதல் தேர்வு. அதை பிலடெல்ஃபியாவின் மூன்றாவது தேர்வோடு மாற்றி, கூடுதலாக இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024-இல் பாஸ்டனுக்குக் கோப்பை வென்று தந்த முதுகெலும்பு இந்த இருவர்தான்.

டிராஃப்ட் இரவில் வீரர் ஏன் சில நேரம் வேறு அணியின் தொப்பியை அணிகிறார்?

பேரம் முடிந்திருந்தாலும் அது அதிகாரப்பூர்வமாகும்வரை தேர்வு பழைய அணியின் பெயரில்தான் இருக்கும். சில பேரங்கள் ஜூலையில்தான் பதிவாகும். அறிவிப்பில் சொல்லும் அணியின் தொப்பியை அணிந்து கைகுலுக்குவது வழக்கம். முதல் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 5 நிமிட அவகாசம். 2024-இலிருந்து இரு சுற்றுகளும் நாளுக்கு ஒன்றாக இரண்டு நாட்களில் நடக்கின்றன. இரண்டாம் சுற்று அவகாசம் 2 நிமிடத்திலிருந்து 4 ஆனது. முதல் நாள் இரவு முழுக்கப் பேரம் பேசலாம் என்பதே அணிகளுக்கு இதில் பெரிய வசதி.

சம்பளம் எவ்வளவு?

முதல் சுற்றில் தேர்வானவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் இரண்டு ஆண்டு உறுதி. மூன்றும் நான்கும் அணியின் விருப்பம், முடிவை ஓராண்டு முன்பே அக்டோபர் 31-க்குள் தெரிவிக்க வேண்டும். அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை பேசலாம். நடைமுறையில் ஏறக்குறைய எல்லோருக்கும் 120 கிடைத்துவிடும். 2025-இல் முதலாவதாகத் தேர்வானவரின் முதலாண்டுச் சம்பளம் சுமார் 1.38 கோடி டாலர், 30-ஆவது இடத்துக்குச் சுமார் 27 லட்சம் டாலர்.

பெரிய நட்சத்திரமாக வளர்ந்தாலும் இந்த நான்கு ஆண்டும் இதே விலைதான். அணிகள் டிராஃப்டை இவ்வளவு மதிப்பதற்கு அதுதான் பொருளாதாரக் காரணம். மொத்தச் சம்பள வரம்புக்குள் இயங்கும் போட்டியில், மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் நல்ல வீரரைவிட மதிப்பான சொத்து இல்லை.

இரண்டாம் சுற்றில் தேர்வானால்?

அட்டவணை இல்லை, உறுதியும் இல்லை. 2023 முதல் இதற்கெனத் தனி ஏற்பாடு வந்ததால் மூன்று அல்லது நான்கு ஆண்டு ஒப்பந்தம் பெறுவது எளிதாகியிருக்கிறது. மற்றவர்களுக்கு டூ-வே ஒப்பந்தம்: என்பிஏ அணிக்கும் அதன் வளர்ப்புத் தொடரான ஜி லீக் அணிக்கும் மாறி மாறி ஆடலாம். ஓர் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு என்பிஏவில் அதிகபட்சம் 50 ஆட்டங்கள், சம்பளம் புதுமுகக் குறைந்தபட்சத்தில் பாதி.

தொகை சிறியதுதான், ஆனால் இங்கேயும் வைரங்கள் உண்டு. நிகோலா யோகிச் 2014-இல் 41-ஆவது, பிறகு மூன்று முறை தொடரின் சிறந்த வீரர். மனு ஜினோபிலி 1999-இல் 57-ஆவது. டிரேமண்ட் கிரீன் 35, ஜேலன் பிரன்சன் 33.

தேர்வு செய்துவிட்டு ஐரோப்பாவிலேயே விட்டுவைப்பது ஏன்?

வீரரின் உரிமை அணியிடம் இருக்கும், சம்பளமோ இடமோ செலவாகாது, அவர் அங்கே தொடர்ந்து ஆடி வளர்வார். யோகிச் தேர்வான பிறகும் ஓராண்டு செர்பியாவிலேயே ஆடினார். ஜினோபிலி 2002-இல்தான் சான் அந்தோனியோவுக்கு வந்தார். சிக்கல் வருவது ஐரோப்பிய அணியுடனான ஒப்பந்தத்தை முறிக்கும் தொகையில். அதில் என்பிஏ அணி கொடுக்கக்கூடியது ஒரு சிறு பங்குதான், மீதி வீரரின் சம்பளத்திலிருந்து போகும்.

யாருமே தேர்ந்தெடுக்காவிட்டால் கதை முடிந்ததா?

இல்லை. அவர் எந்த அணியுடனும் பேசலாம். அன்றிரவே தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கும், ஜூலையில் லாஸ் வேகாஸ் கோடைத் தொடரில் ஆட இடம் கிடைக்கும். 50-க்குக் கீழே தேர்வாவதைவிட, தேர்வாகாமல் போய் தனக்கு ஏற்ற அணியைத் தானே தேர்ந்தெடுப்பது மேல் என்பது பல ஏஜென்ட்டுகளின் கணக்கு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆஸ்டின் ரீவ்ஸ் 2021-இல் டெட்ராய்ட்டின் 42-ஆவது தேர்வைத் தவிர்த்துவிட்டு லேக்கர்ஸின் டூ-வே ஒப்பந்தத்தை ஏற்றார். பிரெட் வான்வ்லீட் 2016-இல் தேர்வாகாதவர், 2019-இல் டொரான்டோவோடு கோப்பை வென்றார். பென் வாலஸ் 1996-இல் தேர்வாகாமல் வந்து 2021-இல் கூடைப்பந்துப் புகழவையில் (ஹால் ஆஃப் ஃபேம்) இடம்பெற்றார்.

இந்தியாவிலிருந்து யாராவது தேர்வாகியிருக்கிறார்களா?

ஒருவர். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங் பமாராவை 2015-இல் டல்லாஸ் 52-ஆவது இடத்தில் எடுத்தது. 14 வயதில் உதவித்தொகையோடு புளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனவர், ஏழடி உயரம். வளர்ப்புத் தொடரில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ஆடினார், என்பிஏ ஆட்டம் கிடைக்கவில்லை. அதே 2015-இல் சாக்ரமென்டோவுக்காகக் களமிறங்கிய சிம் புல்லர் இந்திய வம்சாவளிக் கனடியர், டிராஃப்டில் தேர்வாகாதவர்.

2017-இல் டெல்லி அருகே என்பிஏ அகாடமி தொடங்கப்பட்டது. இங்கிருந்து முயல்பவர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது வழியைத்தான். அமெரிக்கப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போனால் வெளிநாட்டு வீரர் என்ற தகுதி போய்விடும், 22 வயதில் தானாகத் தகுதி வரும் விதி பொருந்தாது. இந்தியாவிலோ வேறு நாட்டுத் தொழில்முறைத் தொடரிலோ ஆடிக்கொண்டே இருந்தால் அந்த விதி பொருந்தும். ஆனால் ஸ்கௌட்டுகள் வந்து பார்க்கும் போட்டிகளில் ஆட வேண்டும். அந்த வகையில் ஆஸ்திரேலிய, ஐரோப்பியத் தொடர்களுக்கு மதிப்பு அதிகம்.